தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார்களா? கிராமப்புறத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்

புற்றுநோய்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய் அளவுக்கு மருத்துவத்துக்குப் பிடிகொடுத்தவை மிகச் சிலவே. காரணம் தெரியும்: எச்.பி.வி. எனும் வைரஸின் சில வகைகள். அதைக் கண்டறிந்த ஹரால்டு சுர் ஹௌசனுக்கு 2008இல் நோபல் பரிசும் கிடைத்தது. தொற்றைத் தடுக்க ஊசி இருக்கிறது. தொற்று நிலைத்துப் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து முதல் இருபது ஆண்டுகள் பிடிக்கின்றன. அந்த இடைவெளியில் பார்த்துவிட்டால், மாறத் தொடங்கிய திசுவைச் சில நிமிட வேலையில் அழித்துவிடலாம். அப்படியிருந்தும், 2022க்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி, அந்த ஓராண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் வந்தது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். உலகில் இந்நோயால் இறந்த பெண்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் இந்தியர்.

ஏன் என்ற கேள்விக்கு ஐம்பது ஆண்டுகளாக விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. மேடைகளில் அதிகம் ஒலிப்பது “விழிப்புணர்வு இல்லை” என்பது. சரியான சோதனை முறை இல்லை என்றனர் நோய்த்தடுப்பு ஆய்வாளர்கள். வறுமையையும் தூரத்தையும் பெண்ணின் தாழ்ந்த நிலையையும் காட்டினர் சமூகவியலாளர்கள். 2006க்குப் பிறகு தடுப்பூசியே விடை என்ற குரல் வலுத்தது. கதிர்வீச்சுக் கருவி எங்கே, சிகிச்சையை முடிக்கிறவர் எத்தனை பேர் என்று கேட்பவர்கள் புற்றுநோய் மருத்துவர்கள். இந்த விடைகளில் பலவும் இந்தியக் கிராமங்களிலேயே, லட்சக்கணக்கான பெண்களிடம் சோதித்துப் பார்க்கப்பட்டவை. இந்நோய் பற்றிய அறிவுக்கு இவ்வளவு கொடுத்த கிராமத்துப் பெண்கள் வேறெங்கும் இருப்பார்களா என்பது ஐயமே. அந்த அறிவில் அவர்களுக்குத் திரும்பிக் கிடைத்த பங்கு எவ்வளவு என்பதையும் சேர்த்தே இந்த விடைகளை எடைபோட வேண்டும்.

அறியாமை என்ற முதல் விடை

1987இல் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்திலுள்ள பார்ஷியில், இந்தியாவின் முதல் கிராமப்புறப் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கப்பட்டது. நகரத்துப் பதிவேடுகள் மருத்துவமனைக் குறிப்பேடுகளைத் திரட்டிக் கணக்கெடுத்தன. பார்ஷி வட்டாரத்தில் அது நடக்காது. நோய் வந்தவர்களில் பலர் மருத்துவமனைப் படியையே மிதித்ததில்லை. எனவே பதிவேட்டின் ஊழியர்கள் ஊர் ஊராகப் போனார்கள். கூட்டம் கூட்டி, மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் படுவது, உறவுக்குப் பின் கசிவது, நாற்றத்தோடு வெள்ளைப்படுவது ஆகியவற்றைப் பற்றிப் பேசினார்கள். அப்படி இருந்தவர்களைப் பார்ஷியின் புற்றுநோய் மருத்துவமனைக்கு வரவழைத்தார்கள்.

கணக்கெடுக்கப் போனது கல்வியாகவும் ஆயிற்று. சில ஆண்டுகளிலேயே, நோயின் முதலிரு நிலைகளில் வந்து சேர்வோரின் விகிதம் கூடியிருப்பதைக் கஸ்தூரி ஜெயந்தும் சக ஆய்வாளர்களும் கண்டு 1995இல் வெளியிட்டார்கள். விழிப்புணர்வுக் கட்சியின் மிக வலுவான சான்று இதுதான்.

அதன் எல்லைகளையும் பார்க்க வேண்டும். முதலாவதாக, இது முன்னும் பின்னும் வைத்துப் பார்த்த ஒப்பீடு; அதே ஆண்டுகளில் சாலையும் பேருந்தும் பெண்கல்வியும் வளர்ந்ததன் பங்கைப் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டாவதாக, அறிகுறியைச் சொல்லிக்கொடுப்பது புற்று வந்தபின் சீக்கிரம் வரவழைக்கும். திசு மாறத் தொடங்கும் முன்புற்று நிலைக்கு அறிகுறியே கிடையாது. நோய் வராமலே தடுக்க அறிகுறி அறிவு உதவாது. மூன்றாவது, என் பார்வையில் முக்கியமானது: பார்ஷியில் நடந்தது சுவரொட்டிப் பிரசாரமன்று. வீடு தேடி வந்த ஆள், பெயரைக் குறித்துக்கொண்டு மறுபடி வந்து விசாரித்த ஆள், பஸ் ஏறிப் போனால் அன்றே பார்க்கும் மருத்துவமனை ஆகிய மூன்றும் பேச்சோடு சேர்ந்திருந்தன. பின்னால் வந்த பல திட்டங்கள் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டன.

தெரிந்த பிறகு

“இந்நோயைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?” என்று கேட்டு, இத்தனை சதவீதம் பேருக்குத் தெரியவில்லை என்று முடிக்கும் கணக்கெடுப்புகளுக்கு இந்திய மருத்துவ இதழ்களில் பஞ்சமில்லை. தெரியாமை பரவலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் தெரிந்தவர்களும் சோதனைக்குப் போவதில்லை என்பதை விளக்க இவ்வகை ஆய்வுகளால் இயலவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுக்குள் உள்ள இந்தியப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையேனும் கருப்பைவாய்ச் சோதனை செய்துகொண்டவர்கள் 1.9 சதவீதம். முன்னணியில் நின்ற தமிழ்நாட்டிலேயே 9.8 சதவீதம்தான். இந்த இடைவெளி முழுவதையும் அறியாமையின் தலையில் கட்ட முடியாது.

வெட்கம், கணவரின் அனுமதி, ஒருநாள் கூலி, பஸ் செலவு, ஆண் மருத்துவர், முன்பு ஆஸ்பத்திரியில் பட்ட ஏச்சு என்று சமூக ஆய்வாளர்கள் பட்டியலிடும் தடைகள் யாவும் உண்மை. அவற்றுக்குக் கீழே ஒரு கட்டமைப்புச் சிக்கல் இருப்பதை மகாராஷ்டிரத்தின் அன்றைய உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்த பெரிய சோதனை ஆய்வு காட்டியது. அங்கே சோதனைக்கு வந்தவர்களில் முப்பதுகளில் இருந்தவர்கள், கணவரோடு வாழ்பவர்கள், ஓரளவு படித்தவர்கள், கருத்தடை செய்துகொண்டவர்கள் அதிகம். வயதில் மூத்தோரும் கணவரை இழந்தோரும் குறைவு. ஏற்கெனவே சுகாதார ஊழியரோடு பழக்கமுள்ளவர்கள் வந்தார்கள் என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது. நம் கிராமச் சுகாதார அமைப்பு கருவுற்ற பெண்ணைச் சுற்றி எழுப்பப்பட்டது. செவிலியரின் பதிவேட்டில் தாய்மார் இருப்பார்கள், தடுப்பூசி போட வேண்டிய பிள்ளைகள் இருப்பார்கள், குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள் இருப்பார்கள். கருத்தடை அறுவை முடிந்த நாளோடு பெண் ஏட்டிலிருந்து மறைகிறார். கருப்பைவாய்ப் புற்றுநோய் அதிகமாகத் தாக்குவதோ நாற்பதின் நடுவிலிருந்து அறுபதுகள் வரை. அமைப்பின் கண் அகன்ற வயதில்தான் நோய் வருகிறது.

எதைச் சொல்வது என்பதிலும் கருத்து வேற்றுமை உண்டு. கன்னியாஸ்திரீகளுக்கு இந்நோய் அரிதாகவே வருகிறது என்று இத்தாலியின் வெரோனாவில் ரிகோனி-ஸ்டெர்ன் 1842இலேயே குறித்துவைத்தார். உடலுறவு வழித் தொற்று என்பது அதிலிருந்து வளர்ந்த உண்மை. பழைய பாடநூல்கள் இதை ‘பலருடன் உறவு’ என்ற தலைப்பில் பெண்ணின் நடத்தை மீது ஏற்றி எழுதின. கணவரைத் தவிர யாரையும் அறியாத பெண்ணுக்கும் கணவர் வழியாகத் தொற்று வரும் என்பது அந்த எழுத்தில் அமுங்கிப்போனது. தொற்றுவழியை வெளிப்படையாகச் சொன்னால் பெண்கள் அவமானத்துக்கு அஞ்சி ஒதுங்குவார்கள் என்கிறது ஒரு தரப்பு. மறைத்தால் ஆண்களின் பொறுப்பும் தடுப்பூசியின் தேவையும் விளங்காமல் போகும் என்கிறது மற்றது. உடலுறவு வாழ்க்கை தொடங்கிய பெரும்பாலோருக்கு எப்போதாவது வந்து, பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்குள் தானே மறையும் சாதாரணத் தொற்று இது என்பதை முதலில் சொல்வது நடுவழியாகத் தோன்றுகிறது. எந்தச் சொல்முறை கூடுதல் பெண்களை வரவழைக்கிறது என்பதற்கான கிராமப்புறச் சான்று இன்னும் மெலிதே.

விழிப்புணர்வு தீங்கும் செய்யக்கூடும் என்பதை மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் காட்டியது. கரும்பு வெட்டப் போகும் பெண்களிடையே கருப்பை நீக்க அறுவைகள் பெருகியதாகச் செய்திகள் வந்ததும், 2019இல் மாநில அரசு குழு அமைத்தது. கணக்கெடுக்கப்பட்ட சுமார் 82,000 பெண்களில் 13,000க்கும் மேற்பட்டோர் கருப்பையை எடுத்திருந்தார்கள். விடுமுறை எடுத்தால் கூலியோடு அபராதமும் போகும் வேலை. வெட்டுக்களத்தில் கழிப்பறையும் இல்லை. இவற்றோடு “வெள்ளைப்படுகிறதா, விட்டால் புற்றாகிவிடும், கர்ப்பப்பையை எடுத்துவிடுவோம்” என்ற தனியார் மருத்துவமனைப் பேச்சும் சேர்ந்துகொண்டது. அந்தப் பெண்கள் புற்றுநோயைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்கள். பக்கத்தில் நேர்மையான சோதனை இல்லாத இடத்தில் அச்சம் மட்டும் போய்ச் சேர்ந்தால், அதை விலைக்கு வாங்க ஆள் வந்துவிடுகிறது. சாதாரண வெள்ளைப்படுதலைப் பெரும்பாலும் மருந்தால் தீர்க்கலாம் என்ற ஒரு வரியை, எந்த விழிப்புணர்வுக் கூட்டமும் விட்டுவிடக் கூடாது.

எந்தச் சோதனை?

பாபனிகோலாவின் செல் சோதனை (பாப் சோதனை) 1940களில் பரவத் தொடங்கியது. பின்லாந்து போன்ற நாடுகள் 1960களிலிருந்து ஒவ்வொரு பெண்ணையும் பெயர் சொல்லி அழைத்து, குறித்த இடைவெளியில் மறுபடி மறுபடி சோதித்து, நோயைப் பெருமளவு குறைத்தன. இந்தியாவிலும் பாப் சோதனை வந்தது. நகரத்து மருத்துவமனைகளோடு நின்றது. கண்ணாடித் தகட்டில் தடவிய செல்களைப் படிக்கப் பயிற்சி பெற்றவர் வேண்டும், ஆய்வகம் வேண்டும். முடிவு வர நாளாகும். வந்த பிறகு அந்தப் பெண்ணை ஊரில் தேடிப் பிடிக்க வேண்டும். ஒவ்வோர் அடியிலும் ஆட்கள் உதிர்ந்தார்கள்.

இதற்கு மாற்றாக எழுந்தது அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் முறை. பெண் மல்லாந்து படுத்திருக்க, செவிலியர் ஸ்பெகுலம் வைத்து, விளக்கு வெளிச்சத்தில் கருப்பைவாயைப் பார்ப்பார். மூன்று முதல் ஐந்து சதவீதக் கரைசலில் தோய்த்த பஞ்சை அதன்மேல் ஒற்றி, ஒரு நிமிடம் காத்திருப்பார். இயல்பான திசு இளஞ்சிவப்பாகவே இருக்கும். மாறத் தொடங்கிய திசுவோ விளிம்பு தெரிய, தடித்த வெள்ளைத் திட்டாக எழும்பும். சற்று நேரத்தில் மங்கிவிடும். அந்தச் சில நிமிடங்களில் செவிலியரின் கண் சொல்வதே முடிவு. ஆய்வகம் வேண்டாம்; அறிக்கைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

இம்முறையைப் பெரிய அளவில் சோதித்த இடங்களில் ஒன்று திண்டுக்கல் மாவட்டம். ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமூகநல மருத்துவ மையமும், ஆர். சங்கரநாராயணன் தலைமையில் பிரான்சின் லியோனிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து இதை நடத்தின. 114 ஊர்த்தொகுதிகளில் பாதியைச் சோதனைக்கும் பாதியை ஒப்பீட்டுக்கும் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சோதனைத் தொகுதிகளில் 30 முதல் 59 வயதுக்குட்பட்ட 49,311 பெண்களில் 31,343 பேர், 2000-2003க்குள் ஒருமுறை சோதித்துக்கொண்டார்கள். ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்குக் குறை தென்பட்டது. முன்புற்று நிலை உள்ளவர்களுக்கு, முடிந்தவரை வந்த இடத்திலேயே, பயிற்சி பெற்ற செவிலியர்கள் மாறிய திசுவை உறையவைத்து அழிக்கும் உறைகுளிர் சிகிச்சை செய்தார்கள். 2007இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: சோதனைத் தொகுதிகளில் நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைவு. முப்பதுகளில் இருந்த பெண்களிடம் பயன் கூடுதல். ஒட்டன்சத்திரத்துச் செவிலியர்களின் கண்ணும் கையும் உலகின் சுகாதாரக் கொள்கையைத் திருப்பின என்பதைத் தமிழ்நாட்டில் பலர் அறியாதது வருத்தத்துக்குரியது.

ஈராண்டு கழித்து, 2009இல், உஸ்மானாபாத் ஆய்வின் முடிவு வெளியானபோது படம் கலங்கியது. 1,31,000க்கும் மேற்பட்ட பெண்களை நான்கு பிரிவாக்கி, எச்.பி.வி. சோதனை, பாப் சோதனை, அசிட்டிக் அமிலச் சோதனை, வழக்கமான கவனிப்பு ஆகியவற்றை ஒப்பிட்டார்கள். ஒரேயொரு முறை செய்த எச்.பி.வி. சோதனை இறப்பை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. வைரஸ் இல்லை என்று முடிவு வந்த பெண்களில், தொடர்ந்து கவனித்த எட்டு ஆண்டுகளில், ஒருவர்கூட இந்நோயால் இறக்கவில்லை. பாப் சோதனையும் அசிட்டிக் அமிலச் சோதனையும் குறிப்பிடத்தக்க குறைவைக் காட்டவில்லை. மூன்றாவது பெரிய ஆய்வு மும்பைக் குடிசைப் பகுதிகளில் நடந்தது. பத்தாவது வரை படித்த பெண்களுக்குச் சில வாரப் பயிற்சி தந்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நான்கு சுற்று அசிட்டிக் அமிலச் சோதனை செய்தபோது இறப்பு 31 சதவீதம் குறைந்தது. புதிதாக நோய் வருவது குறையவில்லை.

ஒரே சோதனை திண்டுக்கல்லில் பலித்து உஸ்மானாபாத்தில் ஏன் பலிக்கவில்லை? கண்ணால் பார்க்கும் முறை ஆளுக்கு ஆள் மாறும். மாதவிடாய் நின்ற பெண்களில் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே ஒதுங்கிவிடுவதால் அது தடுமாறும். திண்டுக்கல்லில் பயிற்சியும் கண்காணிப்பும் கெட்டியாக இருந்தன. சிகிச்சை அதே கையில் இருந்தது. இந்தக் கடைசிக் காரணமே முதன்மையானது என்பது என் கணிப்பு. திண்டுக்கல்லிலேயே, முன்புற்று நிலை கண்டறியப்பட்டவர்களில் சிகிச்சை பெற்றவர்கள் 70 சதவீதத்தைச் சற்றுத் தாண்டினார்கள், அவ்வளவே. ஆய்வுப் பணமும் ஆர்வமும் குவிந்த இடத்திலேயே நான்கில் ஒருவருக்கு மேல் நழுவினார் என்றால், சாதாரணத் திட்டத்தில் எத்தனை பேர் நழுவுவார்கள் என்பதை ஊகிக்கலாம்.

2007இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் தொடங்கிய அசிட்டிக் அமிலச் சோதனை முன்னோட்டத்தைத் தமிழ்நாடு 2012 முதல் மாநிலம் முழுவதும் விரித்தது. இந்திய அரசின் 2016 நெறிமுறையும் 30-65 வயதுப் பெண்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அசிட்டிக் அமிலச் சோதனை என்றே வகுத்தது. இதற்கிடையில் உலக சுகாதார நிறுவனம் 2021இல் எச்.பி.வி. சோதனையை முதல் தேர்வாக்கியது. இதன் பெரிய வசதி, பெண் தானே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துத் தரலாம் என்பது. ஸ்பெகுலமும் இல்லை, பிறர் பார்க்கும் கூச்சமும் இல்லை. நல்ல கருவியில் சோதித்தால், மருத்துவர் எடுத்த மாதிரிக்கு ஏறத்தாழச் சமமான துல்லியம் கிடைப்பதாகத் தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. காசநோய்க்காகப் பல ஊர்களுக்குப் போயிருக்கும் ட்ரூநாட் கருவியில் எச்.பி.வி.க்கான சில்லும் உண்டு. விலை ஒரு தடை. இன்னொரு தடையைப் பற்றிப் பேச்சு குறைவு: வைரஸ் இருக்கிறது என்ற முடிவு வந்த பெண்ணை மறுபடி அழைத்துப் பார்த்தாக வேண்டும். பாப் சோதனை தோற்ற அதே இடத்தில் இதுவும் தோற்கலாம்.

ஒப்பீட்டுக் குழுவின் பெண்கள்

திண்டுக்கல், உஸ்மானாபாத், மும்பை ஆகிய மூன்று ஆய்வுகளிலும் ஒப்பீட்டுக் குழுவில் இருந்த பெண்களுக்கு ஆய்வுக் காலத்தில் சோதனை செய்யப்படவில்லை. பாப் சோதனை உயிர் காக்கும் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்திருக்க, ஆயிரக்கணக்கானோரைச் சோதனையின்றிக் கவனித்திருந்தது அறமா என்று அமெரிக்க மருத்துவர் எரிக் சூபா உள்ளிட்டோர் கேட்டார்கள். இந்தியக் கிராமங்களில் அன்று சோதனையே இல்லை, எனவே யாரிடமிருந்தும் எதுவும் பறிக்கப்படவில்லை, இந்த ஆய்வுகள் இல்லாமல் கொள்கையே பிறந்திருக்காது என்பது ஆய்வாளர்களின் மறுமொழி. கொள்கை பற்றிய வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் ‘இங்கே எதுவுமில்லை’ என்பதையே அளவுகோலாக்கினால், இல்லாமையே ஆய்வுக்கு அனுமதிச் சீட்டாகிவிடும் என்ற அச்சத்தை அது தீர்க்கவில்லை. ஆய்வு முடிந்து பல ஆண்டுகள் கழிந்த 2019-21இலும் நாட்டில் சோதனை கண்டவர்கள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை என்ற கணக்கு, மறுமொழியின் வலிமையைக் குறைக்கிறது.

ஊசியின் கதை

2009இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் அரசுடனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடனும் சேர்ந்து, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுமியருக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்டது. ஏழு சிறுமிகள் இறந்த செய்தி பரவியது. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த இறப்புகளுக்கும் ஊசிக்கும் தொடர்பிருப்பதாகத் தெரியவில்லை என்று விசாரணை சொன்னது. ஆனால் ஒப்புதல் பெற்ற விதத்தை 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. பழங்குடி விடுதிகளில் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்களே படிவத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். ஊசியின் பாதுகாப்பு ஒரு கேள்வி, ஏழைச் சிறுமிகளிடம் காட்டிய அலட்சியம் இன்னொரு கேள்வி. இரண்டும் ஒன்றாகக் குழம்பியதில் நாடு பத்தாண்டுக்கு மேல் இழந்தது.

இந்த நிறுத்தத்திலிருந்தே, யாரும் திட்டமிடாத ஒரு கண்டுபிடிப்பு முளைத்தது. இரண்டு தவணை போதுமா மூன்று வேண்டுமா என்று ஒப்பிட, லியோனின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அப்போது இந்தியாவின் பல இடங்களில் சிறுமியருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தது. அம்பிளிக்கையும் பார்ஷியும் அவற்றில் அடக்கம். 2010 ஆணையால் அதுவும் பாதியில் நின்றது. ஏறக்குறைய 5,000 பேர் ஒரே தவணையோடு நின்றுபோனார்கள். அவர்களைக் கைவிடாமல் ஆண்டுதோறும் கவனித்து வந்ததில், ஒரு தவணையே, நிலைத்த எச்.பி.வி. 16, 18 வகைத் தொற்றை ஏறத்தாழ 95 சதவீதம் தடுப்பது தெரிந்து, 2021இல் வெளியானது. கென்யாவிலிருந்தும் ஒத்த சான்று வந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு தவணை போதும் என ஏற்றது; பல ஏழை நாடுகளின் செலவும் சுமையும் இறங்கின. குலுக்கல் முறையில் பிரிக்கப்படாத குழுக்கள் என்பதால் இந்தியச் சான்றை எச்சரிக்கையோடு எடுக்க வேண்டும் என்பாரும் உண்டு. அது நியாயமே. கென்ய ஆய்வு குலுக்கல் முறையில் நடந்ததால் ஐயம் பெருமளவு தணிந்திருக்கிறது.

சிக்கிம் 2018இல் பள்ளிகள் வழியே 9 முதல் 14 வயதுச் சிறுமியரில் 95 சதவீதத்துக்கு மேல் ஊசி போட்டுக் காட்டியது. இலங்கை 2017 முதல் பள்ளிகளில் கொடுத்து வருகிறது. சீரம் நிறுவனத்தின் உள்நாட்டு ஊசி 2023இல் சந்தைக்கு வந்தது. தமிழ்நாடு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுப் பெண்களுக்கான திட்டத்தை அறிவித்தது. இவை நல்ல செய்திகள். ஆனால் இன்று ஊசி பெறும் சிறுமி நோய் வரும் வயதை எட்ட முப்பது ஆண்டாகும். அதுவரை சாகக்கூடியவர் அவருடைய தாயும் பாட்டியும். ஊசியை முன்வைப்போர் இதை மறுப்பதில்லை; ஆனால் பணமும் கவனமும் ஊசிப் பக்கம் சாயும்போது சோதனை பின்தங்கும் ஆபத்து உண்மையானது.

திட்டமில்லாமலே குறைந்த நோய்

மேலே சொன்ன எல்லாத் தரப்புகளையும் உறுத்தும் ஓர் உண்மை உண்டு. 1980களின் தொடக்கத்திலிருந்து கணக்கெடுக்கும் சென்னைப் பதிவேட்டில், அன்று பெண்களின் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருந்தது கருப்பைவாய். பிறகு அதன் விகிதம் பாதிக்கும் கீழே இறங்கி, மார்பகம் முந்தியது. இந்த இறக்கத்தின் பெரும்பகுதி, எந்தச் சோதனைத் திட்டமும் ஊசியும் வரும் முன்பே நடந்தது. திருமண வயது உயர்ந்தது, பிள்ளைப்பேறு குறைந்தது, கல்வியும் தூய்மை வசதியும் கூடின என்று காரணம் சொல்கிறார்கள். எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துக்காட்டியவர் இல்லை. சமூக மாற்றமே மருந்து என்பாருக்கு இது வலுவான சான்று. ஆனால் அந்த மாற்றம் பிந்தி வந்த இடங்களில், ஏற்கெனவே தொற்றுக்கு ஆளான தலைமுறைக்கு அது ஒன்றும் செய்யாது.

மருத்துவமனை வாசலைத் தாண்டிய பின்

விழிப்புணர்வு பேசும் பலர் வாசலோடு நிற்கிறார்கள். உயிர்பிழைப்பின் கணக்கோ அங்கேதான் தொடங்குகிறது. 2012-15இல் நோய் கண்டவர்களை 11 பதிவேடுகள் வழியே பின்தொடர்ந்த இந்திய ஆய்வில், ஐந்து ஆண்டு பிழைத்திருந்தவர்கள் 51.7 சதவீதம், அகமதாபாத் நகரில் 61.5, திரிபுராவில் 31.6. பார்ஷியின் தொடக்க ஆண்டுகளில் அது மூன்றில் ஒருவர் என்ற அளவில்தான் இருந்தது.

நம் பெண்கள் பெரும்பாலும் வரும் நிலையில், அறுவையைவிடக் கதிர்வீச்சே முதன்மைச் சிகிச்சை. ஊரில் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம், ஒவ்வொரு நாளும் சில நிமிடம். வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் மருந்து. அதன்பின் கருப்பைக்குள்ளேயே கதிர் மூலத்தைச் செலுத்தும் உட்கதிர்வீச்சு, மூன்று நான்கு முறை. மொத்தமும் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். இழுத்தால் பலன் குறையும். இரத்தச்சோகை இருந்தால் முதலில் இரத்தம் ஏற்ற வேண்டும், சிறுநீர்க்குழாய் அடைத்திருந்தால் அதைத் திறக்க வேண்டும். சிகிச்சைக் கட்டணத்தைக் காப்பீட்டுத் திட்டம் ஏற்கலாம். மாவட்டத் தலைநகரிலோ சென்னையிலோ இரண்டு மாதம் தங்கும் இடம், கூட இருப்பவரின் இழந்த கூலி, வீட்டில் ஆடுமாட்டைப் பார்க்க ஆள் ஆகியவற்றுக்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை. வெளிக்கதிர் முடிந்து இரத்தம் படுவது நின்றதும் ‘சரியாகிவிட்டது’ என்று ஊர் திரும்பி, உட்கதிர்வீச்சைத் தவறவிடுவோர் இதனால்தான் உருவாகிறார்கள்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2018இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் நம்பிக்கை தருகிறது. புற்று இடுப்பெலும்புச் சுவர்வரை பரவிய மூன்றாம் நிலையில்கூட, கதிரோடு மருந்தும் சேர்த்துச் சிகிச்சை பெற்றவர்களில் 54 சதவீதம் பேர் ஐந்து ஆண்டு பிழைத்திருந்தார்கள். கதிர் மட்டும் பெற்றவர்களில் 46. பிந்தி வந்தவர் செத்துவிடுவார் என்ற எண்ணம் கிராமத்தில் மட்டுமல்லாமல் மருத்துவர்கள் சிலரிடமும் இருக்கிறது. சிகிச்சையை முடிக்கவைத்தால் பாதிப்பேரைக் காக்கலாம் என்பதே தரவு. இது பெரிய மருத்துவமனை ஆய்வின் கணக்கு, கிராமத்து நோயாளியை அப்படியே பிரதிபலிக்காது என்ற எச்சரிக்கையோடும் இதைச் சொல்ல வேண்டும். குணமாகாதவர்களின் வலி, துர்நாற்றம், சிறுநீர் ஒழுகலால் வரும் ஒதுக்கம் ஆகியவற்றுக்கு மார்ஃபினும் வீட்டுப் பராமரிப்பும் கிடைப்பது தனிக் கட்டுரைக்குரியது.

தீராத கேள்விகள்

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வைத்த இலக்கு மூன்று: 2030க்குள் 15 வயதுக்கு முன் 90 சதவீதச் சிறுமியருக்கு ஊசி, 70 சதவீதப் பெண்களுக்கு 35 வயதுக்குள் ஒருமுறையும் 45 வயதுக்குள் மறுமுறையும் நல்ல சோதனை, நோய் கண்டவர்களில் 90 சதவீதத்துக்குச் சிகிச்சை. மூன்றில் முதலாவது எட்டக்கூடியது என்று சிக்கிம் காட்டிவிட்டது. மற்ற இரண்டுக்கும் வழி தெளிவாக இல்லை.

கிடைத்த சான்றுகளிலிருந்து ஓரளவு உறுதியோடு சொல்லக்கூடியது இவ்வளவு: விழிப்புணர்வு தனித்து உயிரைக் காத்ததற்குச் சான்று மெலிது, பக்கத்தில் சோதனையும், சோதனையோடு ஒட்டிய சிகிச்சையும் இருந்த இடங்களில் அது பலித்தது. அசிட்டிக் அமிலச் சோதனையை இன்னும் எத்தனை ஆண்டு தொடர்வது, எச்.பி.வி. சோதனைக்கு எப்போது மாறுவது என்பதில் ஒருமித்த கருத்தில்லை. மாறுவதற்காகக் காத்திருந்து இருப்பதையும் கைவிடுவது மோசமான தேர்வாகலாம். தரம் கண்காணிக்காமல் இருப்பதையே தொடர்வதும் அப்படியே. சுயமாதிரி முறை ஆய்வுக்கு வெளியே, சாதாரணத் துணைச் சுகாதார நிலையத்தில் எப்படி நடக்கும் என்பது இனிதான் தெரியவேண்டும். ஐம்பது கடந்த, கணவரை இழந்த, தனியே வாழும் பெண்களை எந்தத் திட்டம் வீடு தேடிப் போய்ச் சேரும்? தமிழ்நாட்டின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ போன்ற திட்டங்களில் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீட்டுக்கு வரும் தன்னார்வலரின் பையில் ஒரு மாதிரிக்குச்சியும் இருந்தால் போதுமா, அல்லது அது அவருடைய சுமையை மட்டும் கூட்டுமா?

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது கணக்கில்லாக் கணக்கு. இந்தியப் பதிவேடுகளில் பெரும்பான்மை நகரங்களைச் சுற்றியே உள்ளன. சான்றிதழில் காரணம் எழுதப்படாமல் வீட்டிலேயே முடியும் மரணங்கள் கிராமத்தில் ஏராளம். ஐந்து ஆண்டு பிழைத்திருந்தவர்கள் 51.7 சதவீதம் என்பது நோய் கண்டறியப்பட்டு ஏட்டில் ஏறியவர்களுக்கான எண். சோதனைக்கு வந்தவர் எத்தனை பேர் என்று திட்டங்கள் மாதாமாதம் அறிக்கை அனுப்புகின்றன. குறை தென்பட்டவர்களில் எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் ஐந்தாம் ஆண்டில் உயிரோடிருக்கிறார்கள் என்ற பத்தி அந்த அறிக்கைகளில் சேராதவரை, எந்த விடை சரி என்ற விவாதம் பெரும்பாலும் பார்ஷி, திண்டுக்கல், உஸ்மானாபாத் எண்களை வைத்தே நடந்துகொண்டிருக்கும்.